புளியமடை பிரிவு மரம்

படத்தைப் பார்த்ததுமே அறவாழிக்கு அது என்ன மரம் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அனுப்பியவளிடம் முதலில் தெரியாதவரைப்போலத்தான் நடந்துகொண்டார்.

சாலைகளை அகலப்படுத்துவதற்கு முன்னால் ஓரத்து மரம் ஒவ்வொன்றின் பெயரையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அரிய மரம் என்றால் சாலை வளைந்து போகும். சாதாரண மரம் என்றால் மரம் போகும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் படம் எடுத்து அனுப்பலாம். இலையையும் பட்டையையும் பார்த்து இயந்திரம் மூன்று நொடியில் பெயர் சொல்லிவிடும். அதற்கும் பிடிபடாதவை மட்டும் சென்னையில் மரப் பதிவகத்தின் நான்காவது மாடிக்கு, அறவாழியின் மேசைக்கு வரும். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதிலும் பாதி கைநடுக்கத்தில் கலங்கிய படங்கள். ஒருமுறை கல்யாண மண்டப வாசலில் நின்ற பிளாஸ்டிக் தென்னையை ஒருவர் பத்துக் கோணத்தில் எடுத்து அனுப்பியிருந்தார்.

இந்தப் படம் தாராபுரத்துக்கும் அப்பால், ஊருக்குள் சாலை பிரியும் புளியமடை பிரிவு என்ற இடத்திலிருந்து வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் கோகிலவாணி, தொழில் கம்பங்கூழ்க் கடை. கீழே ஒரு குறிப்பு: “சார், மிசின் தெரியலைன்னு சொல்லுது. சர்வே ஆளுங்க பட்டையில நம்பர் போட்டுட்டுப் போயிட்டாங்க. பதினஞ்சாம் தேதி வெட்டுறாங்களாம். என்ன மரம்னு சொல்லுங்க. எனக்கு இது ஒண்ணுதான் நெழல்.”

மேல்பக்கம் புங்க இலை மாதிரி கரும்பச்சை. காற்றில் திரும்பிய இலைகளின் அடிப்பக்கம் செம்பு நிறம். தண்டில் முழ இடைவெளிக்கு ஒன்றாக, சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை வளையங்கள். அந்த வளையங்களை அங்கே வரவழைத்தவர்களில் அறவாழியும் ஒருவர்.

அவர் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஏனுங்க சார், பேரு கெடச்சுதுங்களா?” என்றாள். வயது முப்பதுக்குள் இருக்கும். பின்னால் லாரிச் சத்தம்.

“இன்னும் இல்லம்மா. இலையோட அடிப்பக்கம், அடிமரம், வேர்ப்பக்கத்து மண்ணு, எல்லாத்தையும் கிட்டத்துல எடுத்து அனுப்புங்க. மரம் சின்னதா இருந்தப்ப எடுத்த படம் ஏதாவது இருக்கா?”

“கடை தொறந்த அன்னிக்கு எடுத்தது இருக்குதுங்க. அஞ்சு வருசமாச்சு. அப்ப எந்தலைக்கு மேல ரெண்டு சாண் இருந்துச்சு. யாரும் வெக்கலீங்க சார், தானா மொளச்சது. நெம்ப வேகமா வளந்துபோச்சு.”

“அந்த இடத்துல கடை போடணும்னு நீங்களே முடிவு பண்ணீங்களா?”

“எங்கப்பா பாத்துக் குடுத்த எடமுங்க. ஊருக்குள்ள போடறேன்னேன். வேண்டாங் கண்ணு, பிரிவுலயே போடு, நீ அங்க இருந்தாத்தான் எனக்கு நிம்மதின்னு சொல்லிப்போட்டாரு.”

அரை மணி நேரத்தில் பதினான்கு படங்கள் வந்தன. ஐந்து வருடம் பழைய படத்தில் அவள் புது மண்பானைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். தோளில் கை போட்டபடி ஒல்லியான, நெற்றியில் திருநீறு பூசிய ஒரு பெரியவர். இருவருக்கும் பின்னால் இளங்கன்று. அறவாழி கன்றின் வளையங்களை எண்ணினார். இன்றைய படத்து மரத்தின் வளையங்களையும் எண்ணினார். மாதக் கணக்குத் தவறாமல் விழும் வளையங்கள் அவை. முளைத்து ஏழு வருடம் நிறையப் போகிறது.

பக்கத்து மேசை பெனிட்டா எட்டிப் பார்த்தாள். பதிவகத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. “என்ன சார், காலையிலேர்ந்து ஒரே மரத்தையே பார்த்துட்டு இருக்கீங்க?”

சொல்லக்கூடாது என்பது விதி. ஆனால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க அன்றைக்கு அவரால் முடியவில்லை.

“கரடிச்சோலை மலைச்சரிவு ஞாபகம் இருக்கா?”

“நான் அப்ப ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். முன்னூறு பேருக்கு மேல மண்ணுக்குள்ள போனாங்கள்ல?”

“தோண்டி எடுக்க முடியல. எங்க தோண்டுறதுன்னே தெரியல. அப்ப நாங்க ஒரு விதை செஞ்சோம். மனுஷ உடம்பு மண்ணுல கரையறப்ப வர்ற சத்து இருந்தாத்தான் அது முளைக்கும். ஆடு மாடு செத்த இடத்துல முளைக்காது, சுடுகாட்டுச் சாம்பல்ல முளைக்காது. எருக்கு மாதிரி பஞ்சு வச்ச விதை. எண்பது லட்சம் விதையை வானத்துல இருந்து தூவினோம். மூணு மாசத்துல மலை பூராவும் வெள்ளை வளையம் போட்ட கன்னு. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒருத்தர். இருநூத்திச் சொச்சம் பேரை அவங்க வீட்டுக்குக் கொடுத்தோம். துப்புன்னு பேரு வச்சோம் அதுக்கு. ஊரே கொண்டாடுச்சு.”

“நல்ல விஷயந்தானே சார்?”

“கணவாய்க் காத்து எவ்வளவு வேகம்னு தெரியும்ல? பஞ்சு சமவெளிக்கும் வந்து சேர்ந்துச்சு. மண்ணுல வருஷக்கணக்கா தூங்கும் அந்த விதை. அப்புறம் மலைச்சரிவே நடக்காத இடத்துல எல்லாம் மரம் வர ஆரம்பிச்சுது. ஒரு மில்லு ஹாஸ்டலுக்குப் பின்னாடி. ஒரு பெரிய மனுஷரோட தென்னந்தோப்புல. ஒரு பங்களா தோட்டத்துல, ரோஜாச் செடிக்கு நடுவுல.”

பெனிட்டா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். “அப்புறம்?”

“அப்புறம் யாருக்கும் அந்த மரம் பிடிக்கல. ஆராய்ச்சிக்கூடத்தை மூடினாங்க. நம்ம மிஷினுக்கும் அதை மறக்க வச்சாங்க. எங்கயாவது தென்பட்டா படம் அனுப்பினவங்ககிட்ட மூச்சு விடக்கூடாது. மேல ஒரே ஒரு முகவரிக்குத் தெரியப்படுத்தணும். மீறினா வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. நாலு வருஷத்துல நான் ரெண்டு மரத்தைத் தெரியப்படுத்தியிருக்கேன்.”

“அந்த மரங்க என்னாச்சு?”

“ஒரு வாரத்துல எடுத்துட்டாங்க.”

“கீழ இருந்தவங்க?”

அறவாழி கணினியை அணைத்தார். அந்தக் கேள்வியை அவரும் நான்கு வருடமாகக் கேட்காமலே இருந்தார்.

மூன்றாவது மரத்தை அவர் யாருக்கும் தெரியப்படுத்தவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினார்.

புளியமடை பிரிவில் இறங்கும்போது பகல் பதினொரு மணி இருக்கும். சுற்றிலும் காய்ந்த சோளத்தட்டுக் காடும் காற்றாலைகளும். கண்ணுக்கு எட்டியவரை வேறு நிழல் இல்லை. துப்பு மரம் மட்டும் ஒரு வீட்டை மூடும் அளவுக்குக் குடை விரித்து நின்றது. அடியில் இரண்டு லாரிக்காரர்கள் சொம்பு நிறையக் கூழ் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சென்னையில இருந்து இதுக்காவே வந்தீங்களா!” கோகிலவாணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப இது பெரிய மரமாத்தான் இருக்கணும். உக்காருங்க சார். கூழு மொதல்ல, பேச்சு அப்புறம்.” மோர் மிளகாயும் நறுக்கிய வெங்காயமும் தட்டில் வைத்து நீட்டினாள். அறவாழி வாங்கினார். குடிக்காமல் பக்கத்தில் வைத்தார்.

லாரிக்காரர்கள் போனதும் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டதற்கு அவள் பானையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“ஆகறதா இருந்துச்சுங்க. இந்தப் பிரிவுலதான். ஜீவரத்தினம்னு ஒருத்தன், அதா நிக்குதே அந்தக் காத்தாடிங்க ரிப்பேரு பாக்கறவன். எங்க ஆளுங்க இல்ல. விடிகாலைல இங்க வந்து நில்லு, பைக்குல போயிரலாம்னான். துணி மூட்டையத் தூக்கிட்டு வந்தேன். அவனக் காணோம். எங்கப்பா நின்னுட்டிருந்தாரு. ‘நாலு வார்த்த பேசினேன் கண்ணு, பைக்கத் திருப்பிட்டுப் போயிட்டான்’னாரு. என்னைய ஒரு அடி அடிக்கலீங்க. ஒரு வார்த்த திட்டல. மூட்டைய அவரே வாங்கித் தூக்கிட்டு வந்தாரு. அன்னிக்கு முடிவு பண்ணுனேன், இனி எந்த ஆம்பளையும் வேண்டாம், எங்கப்பன் ஒருத்தரு போதும்னு.”

“அவன் அப்புறம் வரவேயில்லையா?”

“நாலு வார்த்தைக்குப் பயந்தவன் எதுக்கு வர்றான்? அவங்கம்மாதான் ரெண்டு தடவ வந்துச்சு. மேட்டுக்கடை காலனி, அரிசி மில்லுக்குப் பின்னால. மவன் வீட்டுக்கும் வரலைன்னு இங்க உக்காந்து ஒரே அழுக. ஆத்தாளும் மவனும் சேந்து நாடகம் போடறாங்கன்னு எனக்கு எரிச்சல். கடுவெயிலுல நடந்து வந்த மனுசிக்கு ஒரு சொம்பு மோரு குடுக்காமத் தொரத்தி விட்டேன்.”

“எந்த வருஷம்?”

“ஏழு வருசமுங்க. ஐப்பசி.”

அந்த நேரத்தில் மொபெட்டில் இரண்டு குடம் தண்ணீரோடு பெரியவர் வந்து சேர்ந்தார். படத்தில் பார்த்ததைவிட முதுகு வளைந்திருந்தது. நாச்சிமுத்து என்று அவளே சொன்னாள், பெருமையாக. அவர் கும்பிட்டார். ஒரு குடத்தைப் பானைக்குப் பக்கத்தில் இறக்கினார். இன்னொன்றை மரத்தடியில் ஊற்றினார்.

அறவாழி குனிந்து ஒரு குச்சியால் வேரோரத்து மண்ணைக் கிளறினார்.

“தோண்டாதீங்க சார்” என்றார் நாச்சிமுத்து. குரல் ஏறவில்லை. காலிக் குடத்தின் கழுத்தைப் பிடித்த கையில்தான் நரம்பு புடைத்திருந்தது. “வேரு பட்டா மரத்துக்கு ஆகாதுங்க. பேரு கண்டுபுடிச்சாச்சுங்களா?”

“இன்னும் இல்லைங்க.”

“பேரு என்னத்துக்குங்க? நெழல் குடுக்குது, எம்புள்ள உக்காந்திருக்குது. எப்படியாவது வெட்டாமப் பண்ணிக் குடுங்க. ரோட்டுக்குன்னு தோண்டுனா அடிவரைக்கும் தோண்டுவாங்க.”

அவர் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார். மகள் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை யாரும் அங்கே மண்வெட்டி வைக்கமாட்டார்கள். அதற்காகத்தான் அந்த இடம். அந்தக் கணக்கு புரிந்ததும் அறவாழி கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டார்.

அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அரிய நாட்டு மரம் என்று ஏதாவது ஒரு பெயரை எழுதினால் சாலை வளைந்து போகும், இவள் ஆயுசுக்கும் இங்கேயே காவல் இருப்பாள். உண்மைப் பெயரை மேலிடத்துக்கு எழுதினால் ஒரு வாரத்தில் மரமும் இருக்காது, கீழே இருப்பவனும் இருக்கமாட்டான். இரண்டிலும் இவளுக்கு எதுவும் தெரியாது. அதனால் அவர் மூன்றாவதைச் செய்தார். பெனிட்டாவிடம் சொன்னதை, விதி உட்பட ஒன்று விடாமல், அவளிடமும் சொன்னார்.

கோகிலவாணி கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள். முடித்ததும், “பழைய காலத்து ஆரையாச்சும் பொதச்சிருப்பாங்க சார்” என்றாள்.

“இல்லம்மா. புதைச்ச மூணு மாசத்துக்குள்ள முளைச்சாகணும். தை மாசம் முளைச்சிருக்கு. ஏழு வருஷம் முன்னாடி.”

டெம்போ ஒன்று வந்து நின்றது. அவள் எழுந்து போய் மூன்று பேருக்குக் கூழ் கரைத்தாள், உப்புப் போட்டாள், ஒருவர் கேட்டதற்கு மாங்காய்க் கீற்று எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் போகும்வரை முகத்தில் ஒன்றுமில்லை. திரும்பி வந்து அறவாழிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு எங்கப்பா தலையெல்லாம் ஈரமா நின்னாரு சார். வாய்க்கால்ல குளிச்சிருந்தாரு. அந்தக் குளுருல. ஏம்ப்பா இந்நேரத்துல குளிச்சீங்கன்னு கேட்டேன். தலவலி கண்ணு, அதான்னாரு.” அவர் கிளறிய மண்ணைக் கையால் நிரவினாள். “நான் வெறகு ஒடச்சு அடுப்புப் பத்தவெச்சு, சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன் சார் அவருக்கு.”

“நீங்க ஒரு மனு எழுதிக் கொடுங்க. உள்ளூர் ஸ்டேஷனே வேண்டாம். நேரா கோர்ட்டுக்குப் போவோம். நான் சாட்சி சொல்றேன். வேலை போனாப் போகட்டும்.”

“ரெண்டு நாள் குடுங்க சார்” என்றாள்.

கொடுத்தார். சென்னைக்குத் திரும்பி, அந்தப் பதினான்கு படங்களையும் தேதியோடும் இடக்குறியீட்டோடும் அச்சிட்டு ஓர் உறையில் போட்டு வைத்தார். தன் வாக்குமூலத்தையும் எழுதி முடித்தார். வருடக்கணக்கில் இல்லாத ஒரு தெம்பு அவருக்கு வந்திருந்தது. மூன்றாம் நாள் காலை அவளே அழைத்தாள்.

“மரம் இப்ப இல்லீங்க சார்.”

அறவாழி எழுந்து நின்றுவிட்டார். “யார் வெட்டினது? சர்வே ஆளுங்களா?”

“நாங்கதானுங்க. மரத்தச் சாய்க்க மட்டும் ரம்பக்காரன வெச்சோம். எங்கப்பாகிட்டக் கேட்டேன். மறைக்கலீங்க. மூஞ்சியப் பொத்திட்டுக் கொழந்தையாட்டம் அழுதாரு. நீ சொல்லு கண்ணு, நான் போயி ஸ்டேசன்ல நிக்கறேன்னாரு. அறுவத்தஞ்சு வயசுங்க அவருக்கு. அங்க கொண்டுபோயி அவர நிறுத்தறதுக்கு எனக்குக் கை வரலீங்க.”

“அம்மா, அந்தப் பையன்…”

“அவனப் பத்திப் பேசாதீங்க. ஏழு வருசமா அவன வெறுத்துப் பழகிட்டேன். இப்பப் போயி மாத்திப் பழக என்னால ஆகாதுங்க.”

“கீழ இருந்தது?”

“ஆத்துல விட்டாச்சுங்க. பாலூத்தி முறையாத்தான் செஞ்சோம்.”

“உங்கப்பாவா?”

“எங்கப்பாவுக்குக் குனிய முடியலீங்க. நாந்தான் கூடையில அள்ளுனேன்.”

அறவாழி நாற்காலியில் உட்கார்ந்தார். அவளே தொடர்ந்தாள். “எங்கிட்டச் சொன்னதே உங்க ரூல்ஸ் படி தப்புன்னு சொன்னீங்க. நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லீராதீங்க. புஸ்தகத்துல வாகைன்னு எழுதிருங்க சார். வாகை மரம் ரோட்டுக்கு வெட்டறதுதானுங்களே.”

அவர் எதையும் எழுதவில்லை. ஒரு நாள் முழுக்க அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். மண் போய்விட்டது, எலும்பு போய்விட்டது. படங்கள் இருந்தன, அவர் இருந்தார். மகனைக் காணோம் என்று பெற்றவள் ஒரு கையெழுத்துப் போட்டால் வழக்குக்கு அது போதும் என்று அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். மறுநாளே அவர் மேட்டுக்கடைக்குப் பேருந்து ஏறினார்.

அரிசி மில்லுக்குப் பின்னால், காலனியின் கடைசி வீடு. ஜீவரத்தினத்தின் அம்மாவை விசாரித்தபோது, “சூசையம்மாவா? சூசையம்மாவுக்குத்தான் இப்ப நல்ல காலமாச்சே” என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே வழி காட்டினாள்.

உள்ளே அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சூசையம்மா வெல்ல மாவில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமாக இருந்த அந்த அம்மாளின் முகத்தில் புதுப்பெண்ணின் பரபரப்பு. சுவரில் பாதிக்குச் சுண்ணாம்பு சுரண்டியிருந்தது.

“வாங்க சாமி, உக்காருங்க. ஆருன்னு தெரியல, ஆனா நல்ல நேரத்துல வந்தீங்க. எம்மவன் சேதி கெடச்சிருச்சு!”

அறவாழியின் கை உறையைத் திறக்கப் போய் நின்றது. “என்ன சேதிம்மா?”

“குசராத்துல இருக்கானாம். அங்க கடலோரமாப் பெரிய பெரிய காத்தாடியாம், அதுல வேலையாம். ஏதோ ரோசத்துல பேசாம இருந்துட்டான். கிறிஸ்மசுக்கு வர்றானாம். புளியமடைப் பிள்ள இருக்குதுங்களே, கூழு விக்கிறது, அதுதான் முந்தாநேத்து வந்து சொல்லிட்டுப் போச்சு. லாரிக்காரங்க ஆரோ பாத்துப் பேசுனாங்களாம். எங்கால்ல விழுந்து அழுதுச்சுங்க அந்தப் பிள்ள. நான் அதுக்கு எத்தன சாபம் விட்டிருக்கேன் தெரியுங்களா? எம்மவனக் கொன்னு போட்டாங்கன்னு கோயிலு கோயிலாப் போயி அழுதேன். போலீசுக்கு எத்தன மனு! எல்லாத்தையும் நேத்துக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்.”

சூடான கச்சாயத்தை ஒரு தட்டில் வைத்து நீட்டினார். அறவாழி வாங்கிக்கொண்டார். சுவர் மூலையில் மாட்டியிருந்த படத்தில் ஒரு பையன் காற்றாலைக் கம்பத்தின் அடியில் நின்று கண்ணைச் சுருக்கிச் சிரித்தான். அந்த முகத்தை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

“நீங்க என்ன சோலியா வந்தீங்க சாமி?”

“ரோட்டோரத்துல ஒரு மரம் இருந்துச்சும்மா. அதைப் பத்தி விசாரிக்க வந்தேன்.”

“பிரிவுல நின்னுச்சே, அதுங்களா? நானும் பாத்திருக்கேன். இலை காத்துல திரும்புனா செம்புத் தகடாட்டம் மின்னும். என்ன மரமுங்க அது?”

அவர் கச்சாயத்தைப் பிட்டு வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

“தெரியலம்மா. கண்டுபிடிக்க முடியல.”

“போவுது போங்க” என்றார் சூசையம்மா. பிறகு கரண்டியைக் கையில் பிடித்தபடியே சுரண்டிய சுவரைப் பார்த்தார். “பெயிண்டு அடிக்கச் சொல்லியிருக்கேன். அவனுக்கு நீலந்தான் பிடிக்கும். சின்ன வீடு, இருட்டாயிருமோன்னு ரோசனையா இருக்குது. நீலமே அடிச்சிரட்டுங்களா சாமி?”

“அடிங்கம்மா” என்றார் அறவாழி.